கோட்டைக் கழுதை அண்ணாச்சி

எங்கள் வளவில் கழுதைகளுக்காகக் கண்ணீர் விட்ட மனிதர் ஒருவர் இருந்தார். உள்ளூர்க் கழுதைகளுக்காக அல்ல. அவ்வளவு மலிவான கண்ணீர் அப்போது அவரிடம் கிடையாது. இங்கிலாந்துக் கழுதைகள். அதிலும் கோட்டையில் உத்தியோகம் பார்த்த கழுதைகள். அவை செத்து மண்ணாகி எந்தக் காலமோ ஆகியிருக்கும். அண்ணாச்சிக்கு மட்டும் நேற்றுத்தான் எடுத்துப் போட்டுவிட்டு வந்த மாதிரி தொண்டை அடைக்கும்.

பெயரைச் சொல்ல மாட்டேன். அவர் வீட்டுக்காரி, எங்கள் மதினி, எதை அச்சில் பார்த்தாலும் விடாமல் வாசிக்கிறவள். முகத்துக்கு நேரே அவர் எல்லோருக்கும் அண்ணாச்சி. முதுகுக்குப் பின்னால் கோட்டைக் கழுதை அண்ணாச்சி. இந்தப் பட்டத்தைச் சூட்டியது நான்தான் என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் கல்யாணமாகித் திருநெல்வேலி டவுணுக்கு வந்தேன். ஒரே தலைவாசலுக்குள் வரிசையாக மூன்று வீடு, பின்னால் புறவாசலில் பொதுவாக ஒரு கிணறு. வளவு என்பது அதுதான். முன் வீட்டில் சொந்தக்காரரான அண்ணாச்சியும் மதினியும். நடு வீட்டில் வாடகைக்கு நானும் என் வீட்டுக்காரரும். கடைசி வீடு பூட்டிக் கிடக்கும். தாமிரபரணி ஒரு மைல் தள்ளி வற்றாமல் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் குழாயில்தான் அது வற்றிப்போகும். ஒருநாள் விட்டு ஒருநாள் கொஞ்ச நேரம் வரும் தண்ணீர் குடிக்கவும் பொங்கவும் சரியாய்ப் போகும். குளிக்க, துவைக்க, வாசல் தெளிக்க எல்லாம் கிணறுதான். கப்பியில் கயிற்றைப் போட்டு வாளி வாளியாக இறைக்க வேண்டும்.

எங்கள் வீட்டுத் தொட்டியை என் வீட்டுக்காரர் ஆபீசுக்குப் போகும் முன்னால் நிரப்பிவிட்டுப் போவார். அண்ணாச்சி பல் தேய்த்துக்கொண்டே அதை வேடிக்கை பார்ப்பார். ஆம்பிளை தண்ணீர் இறைப்பதை அவர் அதற்குமுன் பார்த்ததில்லையாம். அவர் வீட்டுத் தொட்டியை மதினி நிரப்புவாள். அண்ணாச்சி காலையில் ஒரு குளி, சாயங்காலம் ஒரு குளி. சுத்தக்காரர்.

அந்தக் கழுதைகள் வந்து சேர்ந்ததற்குக் காரணமே மதினிதான். அரிசி போட்டுவைக்கத் தகரப் பெட்டி ஒன்று வேண்டும் என்று கேட்டிருந்தாள். பாளையங்கோட்டையில் வெள்ளைக்காரர் காலத்துப் பங்களா ஒன்றைக் காலி பண்ணி, தட்டுமுட்டுச் சாமான்களை ஏலம் விட்டபோது அண்ணாச்சி போய் ஒரு பெட்டி எடுத்து வந்தார். வீட்டில் கொண்டுவந்து திறந்தால் அடிப்பக்கம் துருப்பிடித்து ஓட்டை. ஆனால் மூடியின் உள்பையில் நாடா கட்டிய ஒரு கட்டு தபால் அட்டை இருந்தது. எல்லாம் பழுப்பேறிய போட்டோ அட்டைகள்.

"அரிசிக்கு ஆகாத பெட்டி, கழுதைய மட்டும் எம்புட்டுப் பத்திரமா வச்சிருந்திருக்கு பாரு" என்றாள் மதினி. அவளுக்கு அப்போது இதன் முழு விபரீதம் தெரியாது.

அட்டைகளை நானும் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பார்க்காமல் அந்த வளவில் குடியிருக்க முடியாது. ஏதோ தீவில் ஒரு பழைய கோட்டை. உள்ளே ஆழமான கிணறு. கிணற்றுக்குப் பக்கத்தில் ஆள் உயரத்தைப்போல ரெண்டு மடங்கு பெரிய மரச் சக்கரம். அந்தச் சக்கரத்துக்குள்ளே ஒரு கழுதை நின்று நடக்கும். அது நடக்க நடக்கச் சக்கரம் சுற்றும், கயிறு சுருளும், வாளி மேலே வரும். கழுதை எவ்வளவு நடந்தாலும் நின்ற இடத்திலேயேதான் நிற்கும். ஒரு அட்டையில் தொப்பி போட்ட ஒருவன் சக்கரத்தில் கை ஊன்றி நிற்பான். இன்னொன்றில் கழுதையின் முகம் மட்டும், கலெக்டர் படம் மாதிரி, கீழே பெயரோடு. ஆமாம், கழுதைகளுக்குப் பெயர் உண்டு. அத்தனையும் அண்ணாச்சிக்கு மனப்பாடம். மதினிக்கும் ஒரு பெயர் இருந்தது. அது ரேஷன் கார்டில் மட்டும் இருந்தது. வீட்டில் அவள் "ஏட்டி."

சாயங்காலம் குளித்து, விபூதி பூசி, வாசலை ஒட்டிய தார்சாவில் நாற்காலியைப் போட்டு அண்ணாச்சி உட்கார்ந்தால், வாசலோடு போகிற யாராவது மாட்டிக்கொள்வார்கள். பிடித்துப் பக்கத்தில் உட்கார்த்திவைத்து அட்டைக்கட்டை அவிழ்ப்பார்.

"கண்ணப் பாரும் வே. என்ன சாந்தம் பாத்தீரா. வாயில்லா ஜீவன். ஆனா அங்கன அதுக்கு ஒரு மரியாத இருக்கு. ஒரு வாளி மேல வந்துட்டுன்னா அதோட முறை முடிஞ்சிட்டு. அடுத்த வாளிக்கு வேற கழுத. காலு வலிக்குன்னு நின்னுட்டா அடிக்க மாட்டான். வயசாயிட்டா சக்கரத்துப் பக்கமே கூட்டிட்டுப் போக மாட்டான். புல்லு, நெழலு, ஓய்வு. அதாம் வே நாகரிகம்."

அட்டைக்குப் பின்னால் இருந்தது என்னவோ நாலு வரி இங்கிலீஷ். அண்ணாச்சி மொழிபெயர்த்தால் அது நாற்பது வரியாகும். முறை, ஓய்வு, புல், நிழல் எல்லாம் அவராகச் சேர்த்த அயிட்டம் என்று எனக்குச் சந்தேகம் உண்டு. கோட்டைக்காரன் கழுதைகளுக்குக் கொடுக்காத சலுகையை எல்லாம் இவர் எங்கள் தார்சாவில் உட்கார்ந்து கொடுத்துக்கொண்டிருந்தார். கடைசி அட்டை வரும்போது குரல் கம்மும். துண்டால் கண்ணைத் துடைப்பார். நிஜக் கண்ணீர்தான், நான் கிட்டப் போய்ப் பார்த்திருக்கிறேன்.

இந்தப் பேச்சு நடக்கும்போதெல்லாம் புறவாசலில் கப்பி கிறீச் கிறீச்சென்று கத்தும். சாயங்காலக் குளியலில் காலியான தொட்டியை மதினி நிரப்பிக்கொண்டிருப்பாள். ஒருநாள் அண்ணாச்சி பேச்சை நிறுத்திவிட்டு உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். போய்க் கை கொடுக்கப் போகிறாராக்கும் என்று நான் வாயைப் பிளந்தேன்.

"ஏட்டி, அந்தக் கப்பிக்குக் கொஞ்சம் எண்ணெயப் போடு. இங்கன பேசுதது கேக்க மாட்டேங்கு."

ஆபீசிலும் இதே கதைதான். கொக்கிரகுளத்தில் ஒரு அரசாங்க ஆபீசில் அவருக்கு மேஜை. புதிதாக மாற்றலாகி வந்த மேலதிகாரி பெயர் ஜேக்கப். கோட்டைக் கழுதைகளில் அண்ணாச்சிக்கு ரொம்பப் பிரியமான கழுதையின் பெயரும் அதுதான். மனுஷன் சும்மா இருந்திருக்கலாம். முதல் நாளே மேலதிகாரியின் அறைக்குப் போய், "எங்க வீட்லயும் ஒரு ஜேக்கப் இருக்காரு சார். உங்கள மாதிரியேதான், நல்ல உழைப்பாளி" என்று சொல்லி, மறுநாள் அட்டையையும் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். அதற்கப்புறம் அந்த அதிகாரி இருந்தவரை அண்ணாச்சிக்குத் திசையன்விளை, உவரி என்று ஊர் ஊராக கேம்ப் போட்டுவிட்டார்கள். "கழுதையோட அரும தெரியாத மனுஷன்" என்று வருத்தப்பட்டாரே தவிர, தான் என்ன செய்தோம் என்று அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

மதினியின் வலது தோள் அந்த வருஷம்தான் போனது. ஒரே மகளை மதுரையில் கட்டிக்கொடுத்து, பேறுகாலமும் பார்த்து அனுப்பிய பிறகு, கை தோளுக்குமேல் எழும்பவில்லை. டாக்டர் மாத்திரை கொடுத்து, "பாரம் இழுக்கக் கூடாதும்மா, இழுத்தா கை அப்படியே நின்னுரும்" என்று சொல்லி அனுப்பினார். தலை பின்னக்கூட முடியாது. நான்தான் தினமும் மத்தியானம் சீப்பும் எண்ணெயுமாகப் போய் அவளுக்குத் தலை சீவிப் பின்னிவிடுவேன். ஆனால் கை இடுப்பளவுக்கு வரும். கயிறு இழுக்க அது போதும் என்று வீட்டில் முடிவாகியிருந்தது.

நான் இறைத்து ஊற்றினால் திட்டுவாள். "உனக்கும் தோள் போணுமா? போளா அங்கிட்டு" என்பாள்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. கிணற்றில் ஒரு மோட்டார். டவுணில் அப்போது பாதி வீட்டில் மோட்டார் வந்துவிட்டது. பாதிச் செலவு எங்களுடையது என்று என் வீட்டுக்காரரும் சொல்லிப் பார்த்தார். அண்ணாச்சி அசையவில்லை.

"மோட்டார் போட்டா ஊத்து அடைச்சுக்கிடும் தம்பி. எங்கய்யா காலத்துலேருந்து கைபட்ட கெணறு. கைபட்டு எறைச்ச தண்ணிக்குத்தான் ருசி." யார் கை என்று அவர் சொல்லவில்லை.

அன்றைக்குத் தலை பின்னும்போது எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "மதினி, அடுத்த ஜென்மத்துல அந்தக் கோட்டையில போயிக் கழுதையாப் பொறந்துருங்க. முறையும் உண்டு, ஓய்வும் உண்டு" என்றேன்.

"அதுக்கும் இங்கிலீஷு தெரிஞ்சிருக்கணும்லா" என்றாள் மதினி. சிரித்தாள். சிரிக்கும்போது தோள் குலுங்கி, "ஸ்ஸ்" என்று பிடித்துக்கொண்டாள்.

அண்ணாச்சி கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் சுலபமாகப் போயிருக்கும். நாலு வசவு வைதுவிட்டு நாம் நம் பாட்டுக்கு இருக்கலாம். கை நீட்டமாட்டார். குரல் உயர்த்தமாட்டார். கரப்பான்பூச்சியைக் கூட முறத்தில் ஏந்திக்கொண்டுபோய் தெருவில் விட்டுவிட்டு வருவார். இரக்கம் அவரிடம் குடம் குடமாக இருந்தது. பக்கத்தில் இருப்பவள்மேல் அதில் ஒரு சொட்டுக்கூடத் தெறிக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தக் கோடையில் அவருக்கு இரக்கம் முற்றியது. குறுக்குத்துறை ஆற்றில் வெளுத்த துணிமூட்டைகளைச் சுமந்துகொண்டு ரெண்டு கழுதைகள் எங்கள் தெரு வழியாக டவுணுக்குள் போகும். சித்திரை வெயில். அண்ணாச்சி லீவு போட்டுவிட்டுத் தார்சாவில் உட்கார்ந்திருந்தவர், எழுந்து ஓடிப்போய்க் கழுதைக்காரரை மறித்தார்.

"ஏ அப்பா, இது ஒனக்கே நல்லாருக்கா? நாக்குத் தள்ளுது பாரு. வாயில்லா ஜீவன்லா. நிப்பாட்டு, தண்ணி குடிச்சிட்டுப் போட்டும்."

"ஆத்துலதான அண்ணாச்சி குடிச்சிட்டு வருது" என்றார் அவர்.

அதெல்லாம் அண்ணாச்சி காதில் விழவில்லை. உள்ளே திரும்பி, "ஏட்டி, கழுதைக்கு ரெண்டு வாளி தண்ணி எறைச்சிட்டு வா" என்றார்.

மதினி இறைத்துக்கொண்டு வந்தாள். இடது கையில்தான் தூக்கிவந்தாள். கழுதைகள் மரியாதைக்கு ஒரு வாய் குடித்தன. அண்ணாச்சி அவற்றின் நெற்றியைத் தடவிக்கொடுத்துக் கண் கலங்கினார். நான் நடு வீட்டு நடையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

கழுதைக்கு வழி மறக்காது. மறுநாள் ரெண்டும் தானாகவே எங்கள் தலைவாசலில் வந்து நின்றன. அதற்கடுத்த வாரம் வேலையில்லாமல் தெருவில் திரிகிற கழுதைகளும் சேர்ந்து வந்தன. உச்சிவெயிலில் வளவுக்கு முன்னால் ஒரு கூட்டமே நிற்கும். அண்ணாச்சி ஆபீசில் இருந்தாலும் அவர் உத்தரவு வீட்டில் இருந்தது; கழுதை தண்ணீர் குடிக்காமல் போகக் கூடாது. கப்பி மத்தியானமும் கத்த ஆரம்பித்தது.

ஊரில் பேச்சாகிவிட்டது. உயிர்களிடம் அன்பு காட்டச் சொல்லி வருஷத்துக்கு ஒரு கூட்டம் போடும் சங்கம் ஒன்று அங்கே இருந்தது. அவர்கள் வந்து, அண்ணாச்சிக்குப் பொன்னாடை போர்த்தப்போவதாகச் சொன்னார்கள். மண்டபம் எல்லாம் வேண்டாம், கழுதைகள் வருகிற இடத்திலேயே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. அண்ணாச்சிக்குக் கால் தரையில் பாவவில்லை. தபால் அட்டைகளை ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, தார்சாச் சுவர் முழுக்க மாட்டினார். அவர் கல்யாண போட்டோ மாட்டியிருந்த ஆணியில் ஜேக்கப் ஏறினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதினி விடியும் முன்னே தொடங்கிவிட்டாள். வாசல் கழுவ, ஜமுக்காளம் விரிக்கும் இடம் கழுவ, வருகிறவர்கள் கை கால் கழுவ, காப்பி டம்ளர் கழுவ. அன்று அவள் திட்டினாலும் பரவாயில்லை என்று நானும் என் வீட்டுக்காரரும் பாதி இறைத்தோம். மிச்சப் பாதியை அவள் யாருக்கும் விடவில்லை. முகம் சுண்டிப் போயிருந்தது. நான் தலை பின்னிவிடும்போது, "அந்தப் படத்துக்குப் பின்னால உள்ளத அவுக சொல்லுதது எல்லாம் நெசமாளா?" என்று கேட்டாள்.

"யாருக்குத் தெரியும் மதினி. அவுக வாயால சொல்லுதாக. அவுகளுக்கு நெசந்தான்" என்றேன்.

"அது போதும்" என்றாள்.

கூட்டம் நிறைந்துவிட்டது. கழுதைக்காரரின் கழுதை ஒன்றைக் குளிப்பாட்டி மாலை போட்டு வாசலில் நிறுத்தியிருந்தார்கள். சங்கத் தலைவர் பேசி முடிப்பதற்குள் அது மாலையைத் தின்று முடித்தது. அண்ணாச்சிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் எழுந்து ஒவ்வொரு படமாகக் காட்டிப் பேசினார். அன்றைக்கு உச்சம் என்றே சொல்ல வேண்டும். முறையைச் சொன்னார், ஓய்வைச் சொன்னார். நோய்ப்பட்ட கழுதையைச் சக்கரத்தில் ஏற்றுவது பாவம் என்று கோட்டைக்காரன் நினைத்தானாம். அதைச் சொல்லும்போது குரல் உடைந்தது. முன்வரிசையில் ரெண்டு பேர் மூக்கைச் சீந்தினார்கள்.

"நம்மளும் அந்த மாதிரி இருக்கணும்ங்கதுதான் என் ஆசை" என்று முடித்துவிட்டு, கடைசிக் காட்சிக்காக உள்ளே திரும்பினார். "ஏட்டி, கழுதைக்குத் தண்ணி கொண்டா."

மதினி வந்தாள். கையில் வாளி இல்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நிலைப்படியில் நின்றாள். அந்நிய ஆண்கள் நாலு பேர் இருக்கிற இடத்தில் அவள் அதுவரை பேசி நான் கேட்டதில்லை.

"இன்னைக்கு எம் முறை முடிஞ்சிட்டு" என்றாள். சத்தமெல்லாம் போடவில்லை. "தோளும் நோய்ப்பட்டுக் கெடக்கு. வேற கழுதையக் கூப்பிடுங்க."

சொல்லிவிட்டு, பைய நடந்துவந்து, பெண்கள் பக்கம் ஜமுக்காளத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் கையை நான் பிடித்துக்கொண்டேன். எனக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. அன்று அந்த வளவில் உள்ளூர்க்காரிக்காக வடிந்த ஒரே கண்ணீர் அதுதான்.

பின்வரிசையில் ஒருத்தர் இருமி மறைக்கப் பார்த்தார், அது சிரிப்புத்தான். சங்கத் தலைவர் படத்தைப் பார்த்தார், அண்ணாச்சியைப் பார்த்தார். பிறகு, "முறைன்னு ஒண்ணு இருக்குல்லா வே. நீரே இப்பந்தான சொன்னீரு" என்றார்.

அண்ணாச்சி பொன்னாடையோடு கிணற்றடிக்குப் போனார். கூட்டமும் பின்னாலேயே போயிற்று; இதை விடுவார்களா. வாளியை இறக்கத் தெரிந்தது. ஏற்றத் தெரியவில்லை. பாதி வந்ததும் கயிறு கையைச் சுட, ரெண்டு கையையும் சேர்த்து விட்டுவிட்டார். வாளி கயிற்றோடு கிணற்றுக்குள் போய் விழுந்தது. வாளியைக் கொக்கி போட்டு எடுக்கும் பாதாளக் கரண்டி எங்கள் வீட்டில்தான் இருந்தது. "தங்கச்சி, அந்தப் பாதாளக் கரண்டிய எடும்மா" என்று அண்ணாச்சி கத்தினார். எடுத்துக்கொண்டு போனேன். ஓடவில்லை. கழுதைகூட அவசரப்படவில்லையே.

அன்றிலிருந்து மதினிக்குக் கோட்டைச் சட்டம். காலையில் ஒரு தொட்டிக்குப் பாதி, அத்தோடு அவள் முறை முடிந்தது. சண்டை கிடையாது, மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்வது கிடையாது. வேளாவேளைக்குச் சோறு, காப்பி எல்லாம் வரும். தண்ணீர் மட்டும் வராது. மிச்சப் பாதியையும் கழுதைக் கூட்டத்துக்கு உள்ளதையும் அண்ணாச்சி இறைத்தார். உள்ளங்கை கொப்புளித்தது. சாயங்காலக் குளி முதலில் நின்றது. பிறகு கழுதைகள் வந்தால், "ஆத்துல குடிச்சிருக்கும்" என்று சொல்ல ஆரம்பித்தார். அப்புறம் ஒருநாள், வலது தோள் பிடித்துக்கொண்டது என்று மதினியிடம் வந்து நின்றார். மதினி எண்ணெய் காய்ச்சி, இடது கையால் நீவிவிட்டாள். நீவும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் அவளிடம் எனக்குப் பிடிக்காத குணம். நானாக இருந்தால் நன்றாகப் பேசியிருப்பேன்.

அந்த வாரமே மோட்டார் வந்துவிட்டது. ஊற்று ஒன்றும் அடைத்துக்கொள்ளவில்லை. தண்ணீரின் ருசியும் அப்படியேதான் இருந்தது. கேட்டவர்களிடம் எல்லாம் அண்ணாச்சி, "கழுதைகளுக்குத் தண்ணி பத்தல வே, அதான் போட்டேன்" என்றார். கழுதைகள் அதற்குள் வேறு தெருவுக்குப் போயிருந்தன.

ஆனால் மனுஷன் திருந்திவிட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். இரக்கம் என்பது அவருக்கு ரத்தத்தில் ஊறியது. எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும். மோட்டார்மேல் போயிற்று. மழை படக் கூடாது என்று அதற்கு ஓலையில் கூரை போட்டார். ஓடும்போது பக்கத்தில் போய்த் தொட்டுப் பார்ப்பார். ஒரு மாதிரி முனகுகிறதே என்று கவலைப்படுவார்.

நாலைந்து மாதம் கழித்து ஒருநாள் மத்தியானம், வழக்கம்போல் சீப்பும் எண்ணெயுமாக மதினி வீட்டுக்குள் போனேன். அடுக்களை வாசலில் உட்கார்ந்து அவளே தலை சீவிக்கொண்டிருந்தாள். வலது கை உச்சந்தலைவரை போயிருந்தது. முழுசாக இல்லை, கொஞ்சம் நடுங்கித்தான். ஆனால் போயிருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

புறவாசலிலிருந்து அண்ணாச்சி குரல் வந்தது. "ஏட்டி, மோட்டார் ரொம்ப நேரமா ஓடுது. தொட்டுப் பாத்தேன், கொதிக்கு. பாவம், கொஞ்சம் அமத்து."

மதினி தலையிலிருந்து சீப்பை எடுக்கவில்லை.

"வாயில்லா ஜீவன்லா" என்றாள். "நீங்க போயி அமத்துங்க."

சுவிட்சுப் பக்கமாகச் செருப்புச் சத்தம் கேட்டது. மோட்டார் நின்றது.